“லைப்ரரி தொறந்திருக்கா?” நடந்து போய்ப் பார்க்க வேண்டாம், போனைப் பாருங்கள்!

மணலி,

வேகாத வெயிலில் நடந்து போய், நூலக வாசலில் தொங்கும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

“இன்னிக்கு லீவுங்க” என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

ஆபீசுக்கு ஞாயிறு விடுமுறை. பாங்கிக்கு இரண்டாம் சனி, நாலாம் சனி. ஆனால் நம் கிளை நூலகங்களுக்கோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை! ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை திறந்திருக்கும் என்று நம்பிப் போய் ஏமாறுகிறவர் இன்னொரு பக்கம்.

இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை வாசகர் கையில் நேராகக் கொண்டு சேர்க்க, உலகம் முழுக்க நூலகங்கள் இப்போது ஒரு வழியைப் பிடித்திருக்கின்றன. பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று நாம் பொழுதைப் போக்குகிற அதே சமூக வலைத்தளங்கள்தான் அந்த வழி!

ஊர்வம்பு பேசுகிற இடத்தில் நூலகத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? மேலே படியுங்கள்.

மூணு ஷிப்டு ஊர்

மணலியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் ரிபைனரீஸ் என்ற கம்பெனி 1965-ல் உருவாகி, 1969-ல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம். அதன் பின்னாலேயே உர ஆலை வந்தது. பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் வந்தன. வயலும் தோப்புமாக இருந்த ஊர், புகைபோக்கிகளின் ஊர் ஆனது. நகராட்சியாக இருந்த மணலி 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. இப்போது அது 2-வது மண்டலம்.

இங்கே கடிகாரம் வேறு மாதிரி ஓடும். காலை ஷிப்டு, மதியம் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு! ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் தூங்கி எழும்போது நடுப்பகல். அவருக்கு நூலகம் போக நேரம் கிடைப்பதே வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

ரோடு நிலவரத்தைக் கேட்கவே வேண்டாம். பொன்னேரி நெடுஞ்சாலையிலும் சுத்திகரிப்பு ஆலைச் சாலையிலும் ரயில் பெட்டிகள் மாதிரி கன்டெய்னர் லாரிகள். மாத்தூரில் இருந்தோ, சின்னசேக்காட்டில் இருந்தோ, மணலி புதுநகரில் இருந்தோ பையன் சைக்கிளில் புறப்பட்டால், திரும்பி வருகிற வரை தாய்க்கு வயிற்றில் நெருப்புதான்!

“ஒரு நாள் சும்மா போயிட்டு வந்தா என்ன குடியா முழுகிடும்?” என்று சிலர் கேட்கலாம்.

குரூப்-4 தேர்வுக்குப் படிக்கிற பெண்ணைக் கேளுங்கள். ஒரே அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாமல், நூலக மேஜையை நம்பிப் புறப்படுகிறவள் அவள். பூட்டைப் பார்த்துத் திரும்பினால் அவளுக்குப் போவது பஸ் காசு மட்டுமல்ல. ஒரு நாள் படிப்பு!

இரண்டு தடவை பூட்டைப் பார்த்தவர் மூன்றாம் தடவை வருவதில்லை. நூலகம் வாசகரை இழப்பது இப்படித்தான், சத்தமே இல்லாமல்!

மாட்டு வண்டியில் வந்த புத்தகம்

வாசகரைத் தேடி நூலகம் போக வேண்டும் என்பது செல்போன் காலத்து யோசனை அல்ல. நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்!

அவர்தான் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். இந்திய நூலக இயலின் தந்தை என்று இன்று நாடே கொண்டாடுகிறது.

1931-ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த என்பது முதல் விதியின் சாரம். வாசகரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்பது நாலாவது. நூலகம் உயிருள்ளது போல வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது ஐந்தாவது.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு அதிசயம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற என்ஜினீயரின் முயற்சியால், மாட்டு வண்டி ஒன்று நூலகமாக மாறியது! வண்டி நிறையப் புத்தகம். மாடு இழுத்துக்கொண்டு போய் கிராமத்தில் நிறுத்தும். ஜனங்கள் எடுத்துப் படிப்பார்கள்.

அந்த வண்டி வருகிறது என்று ஊருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வண்டியின் சத்தமே தகவல். இன்று அந்த வேலையைச் செல்போனில் ‘டிங்’ என்று வருகிற ஓசை செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

கோட்டூர்புரம் காட்டும் வழி

சென்னையிலேயே கண்ணெதிரில் இருக்கிற உதாரணம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ந் தேதி திறக்கப்பட்ட பிரம்மாண்டமான கட்டிடம்.

அங்கே ‘பொன்மாலைப் பொழுது’ என்று ஒரு தொடர் நிகழ்ச்சி பிரபலம். எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள், கலைஞர்கள் வந்து வாசகர்களோடு பேசுவார்கள். மணலியில் வேலை முடிந்து, பஸ் பிடித்து, நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டமே கலைந்துவிடும் என்கிறீர்களா?

அங்கேதான் சமூக வலைத்தளம் கைகொடுக்கிறது. பேச்சை வீடியோவாக வலையில் போட்டுவிட்டால், ராத்திரி ஷிப்டுக்காரர் மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். விம்கோ நகர் மெட்ரோவில் நின்றபடியே கேட்டுக்கொண்டு போகலாம். நூலகம் மூடின பிறகும் நூலகத்தின் குரல் கேட்கிறது!

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நூலகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. உலகம் முழுவதும் நூலகர்களுக்கு அப்போதுதான் உறைத்தது: வாசகரின் போன் நம்பரும், பேச ஒரு பக்கமும் கையில் இல்லாவிட்டால், கட்டிடம் மூடினதும் நூலகமே மூடிப் போகிறது என்று.

தீவுக்குள் இருந்தபடி உலகப் புகழ்

வெளிநாட்டுக் கதை ஒன்று சுவையானது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவே ஆர்க்னி என்று ஒரு தீவுக் கூட்டம். மொத்த ஜனத்தொகையே சுமார் 20 ஆயிரத்துச் சொச்சம்தான். அங்குள்ள நூலகம் 1683-ல் தொடங்கியது. அந்த ஊர் நூலகர்கள் ட்விட்டரில் எழுத ஆரம்பித்தார்கள்.

“இந்தப் புத்தகம் வந்துள்ளது, அந்தப் புத்தகம் வந்துள்ளது” என்று சர்க்கார் சுற்றறிக்கை மாதிரி எழுதவில்லை. நையாண்டியும் குறும்புமாக எழுதினார்கள். பக்கத்துத் தீவான ஷெட்லாந்து நூலகத்தை வம்புக்கு இழுத்தார்கள். அவர்களும் பதிலுக்குப் பதில் கொடுத்தார்கள். விளைவு? தீவின் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் அந்தச் சின்ன நூலகத்தைத் தொடர்ந்தார்கள்! ‘ஹாரி பாட்டர்’ எழுதிய ஜே.கே.ரௌலிங்கே, இந்த ட்விட்டர் அரட்டையின் தொடர்ச்சியாக 2016-ல் அங்கே வாசகர் கூட்டத்துக்கு நேரில் வந்து எல்லோரையும் திகைக்க வைத்தார்!

நியூயார்க் பொது நூலகம் 2018-ல் இன்னொரு வேடிக்கை செய்தது. ஆலிஸ் என்ற சிறுமியின் அற்புத உலகக் கதையை, இன்ஸ்டாகிராமில் பக்கம் பக்கமாகப் படம் போட்டுப் படிக்கக் கொடுத்தது. போனை விட மாட்டேன் என்கிற பிள்ளைகளின் போனுக்குள்ளேயே புத்தகத்தை நுழைத்துவிட்டது!

அமெரிக்க காங்கிரஸ் நூலகமோ 2008 ஜனவரியில் சுமார் 3 ஆயிரம் பழைய போட்டோக்களை பிளிக்கர் என்ற படத்தளத்தில் போட்டது. “இது எந்த இடம்? இவர் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று ஜனங்களையே கேட்டது. ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது கதையைத்தான். நூலகம் சொல்ல, வாசகர் கேட்பது பழைய முறை. நூலகம் கேட்க, வாசகர் சொல்வது புது முறை! சுத்திகரிப்பு ஆலை வருவதற்கு முந்தைய மணலியின் படம் எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டியில் தூங்குகிறதோ? “உங்கள் வீட்டுப் பழைய போட்டோவைக் கொண்டு வாருங்கள், காப்பி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்” என்று ஒரு நூலகம் கேட்டால், ஊரின் சரித்திரமே சேர்ந்துவிடும்!

நமக்கு எது ஒத்து வரும்?

பேஸ்புக் நல்லதுதான். ஆனால் அதில் போடுகிற எல்லாச் செய்தியும் எல்லோருக்கும் போய்ச் சேராது. எதை யாருக்குக் காட்டுவது என்று கம்பெனியின் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். ‘நாளை விடுமுறை’ என்ற செய்தி நாளைக்கழித்துக் கண்ணில் பட்டால் யாருக்கு லாபம்?

நம் ஊரில் காய்கறிக் கடை முதல் பள்ளிக்கூடம் வரை வாட்ஸ்அப்தான். அதிலும் மூன்று வகை உண்டு.

ஒன்று, குரூப். 2022-ல் இருந்து 1,024 பேர் வரை சேரலாம். வாசகர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு, பிராட்காஸ்ட் பட்டியல். ஒரே செய்தி 256 பேருக்குத் தனித்தனியாகப் போகும். அடுத்தவர் நம்பர் தெரியாது. ஆனால் ஒரு சூட்சுமம்! நூலகத்தின் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி வரும்.

மூன்று, சேனல். 2023-ல் வந்த வசதி. எத்தனை பேர் வேண்டுமானாலும் தொடரலாம். தொடர்பவர்களின் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. அறிவிப்புக்கு ஏற்றது. அரட்டைக்கு ஏற்றதல்ல.

அறிவிப்புக்குச் சேனல், கேள்வி கேட்கத் தனி நம்பர் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் கிளை நூலகத்துக்குக் கச்சிதமாக இருக்கும்.

லேண்ட்லைன் போதும்!

“நம்பருக்கு எங்கே போவது? என் சொந்த நம்பரையா கொடுப்பது?” என்று நூலகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ராத்திரி 11 மணிக்கு “சார், புக்கு இருக்கா?” என்று போன் வந்தால் அவரும் மனிதர்தானே!

இன்னொரு சிக்கலும் உண்டு. நூலகர் தன் சொந்தப் போனில் குரூப் ஆரம்பிப்பார். ஆறு மாதம் ஜோராக நடக்கும். பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். அவரோடு நம்பரும் போய்விடும். குரூப் அனாதை!

இதற்கு வழி இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவச செயலியைச் சாதாரண லேண்ட்லைன் நம்பரிலேயே தொடங்கலாம். சரிபார்க்கும் எண்ணை அந்த லேண்ட்லைனுக்கே போன் செய்து சொல்லிவிடும். திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் அதில் எழுதி வைக்கலாம். மூடியிருக்கும் நேரத்தில் யாராவது செய்தி அனுப்பினால், “நாளை காலை பதில் தருகிறோம்” என்று தானாகவே பதில் போகும். நூலகர் மாறினாலும் நம்பர் நூலகத்தோடு இருக்கும்.

தமிழ்நாட்டில் 4,600-க்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. பல கிளைகளில் ஒரே ஆள்தான் எல்லாம்; புத்தகம் கொடுப்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே. அவர் நாள் முழுக்கப் போனைத் தட்டிக்கொண்டு உட்கார முடியாது. வாசகர் வட்டத்தில் இருக்கிற இளைஞர் ஒருவர் உதவினால், ஒரு நாளைக்கு ஒரு செய்தி, வாரத்துக்கு ஒரு புத்தக அறிமுகம். அது போதும்.

எதைப் போடலாம்? இன்று திறப்பா, விடுமுறையா என்பது முதலில். புதிதாக வந்த புத்தகங்களின் அட்டைப் படம் அடுத்தது. பிறகு தேர்வு அறிவிப்புகள், கடைசித் தேதிகள். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நாள். இவ்வளவும் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

வம்பும் உண்டு, உஷார்!

நல்லதைச் சொன்னோம். கெட்டதையும் சொல்லத்தானே வேண்டும்?

‘குட் மார்னிங்’ பூப்படம் நூறு, கட்சிச் சண்டை பத்து, மருத்துவக் குறிப்பு ஐம்பது என்று குரூப் நிரம்பினால், நடுவில் நூலகச் செய்தி காணாமல் போகும். நிர்வாகி மட்டுமே செய்தி போடும்படி குரூப்பைப் பூட்டிவைக்க வசதி இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குரூப்பில் நம்பரைப் பார்த்துவிட்டு, அறிமுகம் இல்லாத யாரோ “ஹாய்” என்று செய்தி அனுப்பினால், அந்தப் பெண் குரூப்பை விட்டு மட்டுமல்ல, நூலகத்தை விட்டே போய்விடுவாள். ஆகவே கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்கக் கூடாது. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் மத்திய அரசு சட்டமே கொண்டு வந்திருக்கிறது. சிறுவர்கள் விவரம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

புத்தகத்தைத் திருப்பித் தராதவர் பெயரை எல்லோர் முன்னாலும் போடுவதும் தப்பு. யார் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் நடுவில் உள்ள விஷயம். நினைவூட்ட வேண்டுமா? தனியாக ஒரு வரி அனுப்பினால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, போலி வேலைவாய்ப்புச் செய்தி! “துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், உடனே பணம் கட்டுங்கள்” என்கிற ரகம். ஆலை வேலைக்கு ஏங்குகிற பிள்ளைகள் இருக்கிற வட்டாரத்தில் இப்படி ஒரு பொய், ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். சரிபார்க்காத ஒரு செய்தி நூலகத்தின் பெயரில் போனால், நம்பிக்கையே போச்சு! மாறாக, “இது உண்மையா பாருங்க சார்” என்று கேட்டால் பார்த்துச் சொல்கிற இடமாக நூலகம் இருந்தால், அதைவிடப் பெரிய சேவை வேறென்ன?

வெள்ளத்தில் போன் என்ன செய்யும்?

2023 டிசம்பர் 4-ந் தேதியை வடசென்னை மறக்காது. மிக்ஜாம் புயல் மழையில் மணலி வட்டாரம் தண்ணீரில் மிதந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை போய், மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின.

அப்போது கரண்ட் இல்லை. பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. கையில் இருந்த போன் வெறும் டப்பா!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சமூக வலைத்தளங்கள் வழியாகப் பல பேருக்கு உதவி கிடைத்தது உண்மை. ஆனால் சிக்னல் இருந்தவரைதான் அது. ஆகவே போன் வந்தது என்பதற்காக வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையைக் கழற்றிப் போட்டுவிடக் கூடாது. பலகை பலகையாக இருக்கட்டும். போன் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

போன் இல்லாதவரும் வாசகரே

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். கண் மங்கிய பெரியவர் எழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். இவர்களுக்கு என்ன வழி?

தமிழக அரசு 2022-ல் ‘நூலக நண்பர்கள்’ என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் போன்றவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுக்கும் திட்டம். இதோடு வாட்ஸ்அப்பைச் சேர்த்துப் பாருங்கள். பேரன் செய்தி அனுப்புவான், “தாத்தாவுக்கு ஒரு சரித்திர நாவல் வேணும்.” நூலக நண்பர் கொண்டு வந்து தருவார். செய்தி போனில், புத்தகம் கையில்!

காசு உங்களுடையது!

கடைசியாக ஒரு சங்கதி.

1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, பொது நூலகச் சட்டம் நம் மாகாணத்தில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ரூபாய்க்கு 10 காசு. 1,000 ரூபாய் வரிக்கு 100 ரூபாய்!

வீட்டுக்காரர் கட்டுகிறார். கடைக்காரர் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் வாடகையில் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, நூலகம் தருமத்துக்கு நடப்பதல்ல. உங்கள் காசில் நடப்பது. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த முறை நூலகம் போகும்போது கேளுங்கள்: “சார், நூலகத்துக்கு வாட்ஸ்அப் இருக்கா?”

இருந்தால், நம்பரை அங்கேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், ஆலோசனைப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். பத்துப் பேர் எழுதினால் மேலே போகும். நூறு பேர் எழுதினால் வந்தே தீரும்!

அதுவரை ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள்!